எதனால் இறந்தார்? மலாயாத் தோட்ட மரணங்களும் ஒன்றரை நூற்றாண்டு விசாரணையும்

ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்தில் இருக்கிறது பெக்கான் நானாஸ். பெக்கான் என்றால் சிறுநகர், நானாஸ் என்றால் அன்னாசி. ஊருக்குப் பெயர் கொடுத்த பழத்துக்கு அங்கே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாமும் அதே ஊரில்தான் இருக்கிறது. ஆவணம் இல்லாமலோ, இருந்த ஆவணம் காலாவதியாகியோ பிடிபட்ட வெளிநாட்டவர்கள் அங்கே அடைத்து வைக்கப்படுகிறார்கள். அவர்களில் பலர் கூலி தேடி வந்தவர்கள். அப்படி வந்த ஒருவர் அந்தச் சுவருக்குள் இறந்துபோனால், எதனால் இறந்தார் என்று கேட்க வேண்டியவர் யார்?

கேள்வி புதியதன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு இதே மண்ணில் இது தமிழர்களைப் பற்றிக் கேட்கப்பட்டது. அன்றுமுதல் தோட்ட முதலாளிகள், அரசு மருத்துவர்கள், குடியேற்றப் பாதுகாவலர்கள், இந்தியத் தலைவர்கள், வரலாற்றாசிரியர்கள், வழக்கறிஞர்கள் என்று பலர் பதில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எதைச் சரியாகப் பிடித்தன, எந்த இடத்தில் இடறின என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

செபராங் பிறையில் எழுந்த கேள்வி

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையை ஆங்கிலேயர் வெல்லஸ்லி மாகாணம் என்று அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். கப்பற்செலவு கடனாகக் கழுத்தில் ஏறும். அதைக் கழிக்கும்வரை ஒப்பந்தம். நடுவில் வேலையை விட்டு ஓடினால் சிறை.

1867 ஏப்ரல் 1ஆம் தேதி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கையிலிருந்து லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. அந்த மாற்றத்தால் இந்தியச் சட்டத்தின் பார்வையில் பினாங்கு ஒரே நாளில் வெளிநாடாயிற்று. அங்கே கூலிகளை அனுப்ப அனுமதி இல்லை என்று தஞ்சாவூர் அதிகாரிகள் 1870இல் கப்பலேற்றத்தைத் தடுத்தார்கள். கரும்பு முதலாளிகள் முறையிட்டதும் 1872ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் கதவை மறுபடியும் திறந்துவிட்டது. அதே ஆண்டுகளில் செபராங் பிறையின் மாலகோஃப் தோட்டத்தில் கூலிகள் கொடுமைப்படுத்தப்பட்ட செய்தி வெளியே வந்தது. ஆள் கடத்தல் பற்றித் தஞ்சைச் சீமையிலிருந்து எழுதப்பட்ட கடிதங்களும், அடி உதை பற்றிப் பினாங்கிலிருந்து வந்த தகவல்களும் சேர்ந்து இரு அரசுகளையும் அசைத்தன. 1876இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் 1877இல் இந்தியாவிலும் குடியேற்றச் சட்டங்கள் வந்தன. கூலிகளுக்கென்று ஒரு பாதுகாவலர் பதவியும் வந்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் உயிரோடிருக்கும் கூலியைப் பற்றியவை: சம்பளம், அரிசி, கூலிகளின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் அளவு, மருத்துவமனைக் கட்டில். இறந்த கூலியைப் பற்றிக் கேட்கும் பொறுப்பு வேறோர் ஏட்டில், குற்றவியல் நடைமுறையில் கிடந்தது. இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று அதிகம் சந்திக்கவில்லை என்பதே என் மதிப்பீடு. பின்னால் வந்த குழப்பங்களில் பாதி இங்கிருந்து தொடங்குகிறது.

தோட்டத்தில் ஒரு மரணம் காகிதத்துக்கு வந்து சேரும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் ஓர் ஆள் குறைகிறது. கங்காணி கணக்கரான கிராணியிடம் சொல்கிறார். கிராணி செக்ரோல் என்ற பெயர்ப்பதிவில் அந்தப் பெயரைக் கழிக்கிறார். மருத்துவ உதவியாளரான டிரசர் ஒரு நோயின் பெயரைச் சொல்கிறார். துரை கையெழுத்திடுகிறார். சந்தேகம் இருந்தால் போலீசுக்கும் மஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போக வேண்டும். அந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்ப வேண்டியவர் யார் என்றால், அதே துரை. இறந்தவரின் மனைவியோ, லயத்தில் பக்கத்து அறைக்காரரோ இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் இல்லை.

தோட்டக்காரர்களின் பதில்: வந்த ஆளே சரியில்லை

முதலில் வந்த பதில் முதலாளிகளுடையது. நாகப்பட்டினத்தில் கிடைத்தவரையெல்லாம் கப்பலேற்றி அனுப்புகிறார்கள், பாதிப் பேர் நோயாளிகள், உழைத்துப் பழகாதவர்கள், தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை, அழுக்குத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று அது போகும்.

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக இருந்தவர்களும் துறைமுகத்துக்கு வந்து நின்றார்கள். ஆனால் இந்தப் பதிலுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒரே சீமையிலிருந்து ஒரே பருவத்தில் வந்த ஆட்கள் ஒரு தோட்டத்தில் பிழைத்தார்கள், இன்னொரு தோட்டத்தில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். ஆளின் உடம்பே காரணம் என்றால் இந்த வேறுபாடு ஏன்? 1890இலும் 1910இலும் அரசு அமைத்த ஆணையங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் போய்ப் பார்க்க வேண்டிய நிலை வந்ததே இதற்குச் சாட்சி. 1910இல் அறிக்கை தந்த பார் ஆணையத்தை அடுத்து ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. சரியில்லாதது ஆள் மட்டுமே என்றால் முறையை எடுக்க வேண்டிய தேவை வந்திருக்காது.

மருத்துவர்களின் பதில்: கொசுவும் அரிசியும்

இரண்டாவது பதில் எல்லாவற்றிலும் வலுவானது. அதனால் அதன் முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்பை வடித்து நோயைக் குறைத்துக் காட்டினார். பிறகு அவர் தோட்டங்களைச் சுற்றிச் சுற்றி ஆராய்ந்து 1911இல் மலாய் மாநிலங்களின் மலேரியாத் தடுப்பு பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் கண்டது சமவெளித் தோட்டத்துக்கும் மலையடித் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. மலையடியில் காட்டை வெட்டி வெயில் விழச் செய்த தெளிந்த நீரோடையில் ஒருவகைக் கொசு பெருகுகிறது. அதன் அருகில் கட்டிய லயம் சாவு வீடாகிறது. ஓடையை நிலத்துக்கடியில் குழாய் பதித்து வடித்தால் சாவு குறைகிறது. காய்ச்சல் என்று ஒரே சொல்லில் கிராணி எழுதிவைத்த மரணத்துக்கு இப்போது ஒரு முகவரி கிடைத்தது: எந்த ஓடை, லயத்திலிருந்து எத்தனை அடி.

அரிசியின் கதை இன்னும் நெருக்கமானது. பெரிபெரி என்ற நோயில் கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் நிற்கும். சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இதில் ஏராளமாக இறந்தார்கள். பக்கத்தில் இருந்த தமிழர்களுக்கு இது பெரும்பாலும் வரவில்லை. இனம், காற்று, தொற்று என்று பல காரணங்கள் தேடப்பட்டன. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் பானைக்குள் பார்த்தார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது நாட்டிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. அவர் தம் முடிவை 1907இல் நூலாக வெளியிட்டார். ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து அதை உறுதிசெய்தார்கள். நோய் பச்சரிசிக்காரர்களுக்கே வந்தது. அந்தச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்களும் கூலிகளே என்பதைச் சொல்லாமல் இந்த வெற்றியைக் கொண்டாட முடியாது. ஆனாலும் நெல்லை அவித்து உலர்த்தும் நம் வீட்டு வழக்கம் எத்தனையோ உயிரைக் காத்தது என்பது உண்மை.

தோட்டங்களில் இறந்தவர்களில் பெரும்பாலோர் நோயால் இறந்தார்கள் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு ஆகியவை தின்ற உயிர்கள் பிரம்பு தின்ற உயிர்களைவிட மிக அதிகம். மருத்துவர்களின் பதில் எங்கே நின்றுவிடுகிறது என்றால், ஓடைக்கரையில் லயத்தைக் கட்டச் சொன்னது யார் என்ற கேள்வியில். குழாய் பதிக்கப் பணம் செலவாகும். செலவிட்ட தோட்டமும் உண்டு, ஒத்திப்போட்ட தோட்டமும் உண்டு. ஒத்திப்போட்ட ஆண்டுகளில் நடந்த சாவுகளும் காய்ச்சல் என்ற ஒரே பத்தியில்தான் எழுதப்பட்டன.

பழி இறங்கும் படிக்கட்டு

வெளிப்படையான வன்முறைக்கு ஆட்சியாளர்கள் தந்த விளக்கம் வேறொரு வழியில் போனது. அதன் வேர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் எழுந்ததால் சென்னை மாகாணத்தில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, 1855இல் அறிக்கை தந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் அதன் உறுப்பினர்கள். விரலை இடுக்கி நசுக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று அவர்கள் பதிந்த முறைகள் நீளும். கொடுமை நடந்தது உண்மை என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆனால் பழி தாசில்தாரோடும் சேவகனோடும் நின்றது. மேலே இருந்த ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தை இல்லை என்று முடிவாயிற்று. அவர்கள் நிர்ணயித்த வரித்தொகையை வசூலிக்கத்தான் கீழே இருந்தவன் கிட்டியை எடுத்தான் என்ற தொடர்பு அறிக்கையின் முடிவில் கரைந்துபோனது. போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் உறுதியாக இடம்பெற்றது. அது பெரிய பயன். ஆனால் பழி படியிறங்கும் பழக்கம் மாறவில்லை.

அந்தப் பழக்கம் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. தோட்டத்தில் அடி விழுந்தது என்றால், அடித்தவன் கங்காணி, அவனும் தமிழன், அது அவர்களுக்குள் உள்ள முரட்டுத்தனம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. கங்காணியின் கை நீண்டது உண்மை. தோட்டத்து மக்களின் நினைவில் அவர் இன்றும் நல்ல பெயரோடு இல்லை. ஆனால் கங்காணியின் வருமானம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தன் கும்பலில் அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இத்தனை காசு என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. காய்ச்சலில் படுத்தவன் அவருக்கு நட்டம். எழுப்பி இழுத்துவந்து பெரட்டில் நிறுத்தினால் லாபம். நடுங்கும் உடம்போடு மழையில் வேலைக்குப் போன ஒருவர் மறுவாரம் இறந்தால், அவரைக் கொன்றது மலேரியாவா, அந்தத் தலைக்காசுக் கணக்கா? செக்ரோலில் முதல் விடைக்குத்தான் இடம் இருந்தது.

1936 கடைசியில் மலாயாவுக்கு வந்து பார்த்து, 1937இல் இந்திய அரசுக்கு அறிக்கை தந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி நிலைமையை ஓரளவு நல்லபடியாகவே மதிப்பிட்டார். அந்த மென்மைக்காக மலாயா இந்தியத் தலைவர்கள் அவரைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். 1938இல் உதவி பெற்ற குடிப்பெயர்வை இந்திய அரசு நிறுத்தியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த நேரத்தில் பழியைக் கங்காணி மேல் போட வழியில்லாமல் போனது.

ஜொகூரில் கேட்க ஆளில்லாத காலம்

செபராங் பிறையைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஜொகூருக்கு நீட்டுவது தவறு. 19ஆம் நூற்றாண்டில் ஜொகூர் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இல்லை. அதன் பிற்பகுதி அபு பக்கார் ஆண்ட காலம். உள்நாட்டின் ஆறுகள் ஒவ்வொன்றும் அரசின் சுங்கைச் சீட்டு (ஆற்றுரிமைப் பத்திரம்) பெற்ற சீனத் தலைவர்களிடம் இருந்தன. காங்சு எனப்பட்ட அந்தத் தலைவர் தம் ஆற்றுக்கரையில் காம்பீர்ச் செடியும் மிளகும் பயிரிடவைத்தார், வரி தண்டினார், சச்சரவும் தீர்த்தார். ஆற்றுக்கரையில் ஓர் ஆள் இறந்தால் முதலில் தெரிய வேண்டியவரும் முடிவு சொல்பவரும் அவரே. இந்த ஏற்பாடு சட்டப்படி முடிவுக்கு வந்தது 1917இல்.

அந்தக் காலத்து மரணக் கணக்கின் நிலையைப் புலிக்கதை ஒன்று காட்டும். ஜொகூருக்கு எதிரே சிங்கப்பூரின் காம்பீர் தோட்டங்களில் சராசரியாக நாளுக்கு ஒரு சீனரைப் புலி கொல்கிறது என்று ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். தீவில் அன்று புழங்கிய கணக்கு அது. எத்தனை பேர் புலியால் இறந்தார்கள், எத்தனை பேர் புலியின் பெயரில் எழுதப்பட்டார்கள் என்று பிரித்துச் சொல்ல அந்தத் தோட்டங்களுக்குள் போய்ப் பிணத்தைப் பார்த்த அதிகாரிகள் மிகச் சிலர்.

தமிழர்கள் ஜொகூருக்குப் பெருந்தொகையாக வந்தது ரப்பரோடு. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 1909இல் ரயில் பாதை முடிந்தது. 1914இல் ஆங்கிலேயப் பொது ஆலோசகரின் கை ஓங்கியது. சட்டமும் போலீசும் வந்தபோது தோட்டமும் கூடவே வந்துவிட்டது. ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகு ஓங்கிய கங்காணி முறையே ஜொகூர்த் தமிழர்களின் முக்கிய அனுபவம் என்பதால், வடக்கே கரும்புத் தோட்டங்களை வைத்து எழுதப்பட்ட வரலாறு இங்கே எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற ஐயம் நியாயமானது.

வரலாற்றாசிரியர்களின் வழக்கு

விடுதலைக்குப் பின் எழுதியவர்களை இரு அணியாகப் பார்ப்பது வழக்கம். 1961இல் எழுதிய ஆர். என். ஜாக்சன் போன்றவர்கள் அதிகாரிகளின் முயற்சிக்குச் செவிசாய்த்தார்கள்: ஆணையங்கள், சட்டங்கள், மெல்ல மெல்ல வந்த சீர்திருத்தம். 1974இல் ஹியூ டிங்கர் ஒப்பந்தக் கூலி முறையை அடிமை முறையின் புதிய வடிவம் என்று தலைப்பிலேயே சொன்னார். மைக்கேல் ஸ்டென்சனும் பி. ராமசாமியும் மூலதனம், வர்க்கம், கட்டுப்பாடு என்ற கோணத்தில் எழுதினார்கள். 2017இல் வெளிவந்த லின் ஹாலன் லீஸின் நூல் இந்த இரு அணிக்கும் நடுவில் ஒரு பாதை போடுகிறது. தோட்டத்தில் வன்முறை இருந்தது, ஆனாலும் அதே ஆட்சியின் நீதிமன்றத்தைக் கூலிகள் பயன்படுத்தவும் கற்றார்கள் என்பது அதன் போக்கு.

என் பார்வையில், எல்லோரும் மேற்கோள் காட்டும் கெர்னியல் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு நூலிலேயே சிக்கலின் முடிச்சு இருக்கிறது. 1844க்கும் 1910க்கும் இடையில் மலாயாவுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 2,50,000 பேர் என்று அவர் கணக்கிட்டார். 1957வரை வந்தவர்களிலிருந்து திரும்பியவர்களைக் கழித்தால் சுமார் 12,00,000 பேர் தங்கியிருக்க வேண்டும். 1957இல் இருந்தவர்களோ ஒன்பது லட்சத்துக்கும் குறைவு, அவர்களிலும் பாதிக்கு மேல் இங்கேயே பிறந்தவர்கள். மீதிப் பேர் எங்கே? நோய், பாம்புக்கடி, களைப்பு, ஊட்டக்குறைவு என்று சந்து காரணங்களை அடுக்கினார். அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்கும் சொல்லைப் பாருங்கள். களைப்பு எந்த மருத்துவ நூலில் நோய்? களைப்பால் ஒருவர் இறந்தால் அவரைக் களைக்க வைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். நோயா, கொடுமையா என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு வாதாடிய அணிகள் இரண்டும் இந்த ஒரு சொல்லில் சந்திக்கின்றன.

சயாம் மரண ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அந்த ரயில் பாதையைப் போடக் கொண்டுபோகப்பட்டார்கள். போருக்குப் பின் நடந்த விசாரணைகளில் வெள்ளைப் போர்க்கைதிகளின் மரணம் பேசப்பட்ட அளவுக்குத் தமிழர்களின் மரணம் பேசப்படவில்லை. ஆர். சண்முகத்தின் நாவலும் அ. ரெங்கசாமியின் நாவலும் அந்த வெற்றிடத்தில் எழுந்தவை. விசாரணை நடக்காத இடத்தில் இலக்கியம் சாட்சிக்கூண்டில் ஏறியது.

பெண்களின் மரணம்

தோட்டத்தில் பெண்கள் கொல்லப்பட்டபோது காலனி நீதிமன்றங்களுக்கு விளக்கம் தயாராக இருந்தது: பொறாமை, கள்ளு, கள்ளத்தொடர்பு. பெண்கள் குறைவாகவும் ஆண்கள் மிகுதியாகவும் இருந்ததே காரணம் என்று இந்தியத் தரப்பு திருப்பிச் சொன்னது. பிஜித் தீவைப் பற்றி சி. எஃப். ஆண்ட்ரூஸ் எழுதியதிலும் இந்த வாதம் முக்கிய இடம் பெற்றது. ஆள்சேர்ப்பு முறையின் குற்றத்தை அது சரியாகவே சுட்டியது. ஆனால் இரண்டு விளக்கத்திலும் இறந்த பெண் வாய் திறப்பதில்லை. ஒன்றில் அவள் ஒழுக்கம் கெட்டவள், மற்றதில் எண்ணிக்கையில் குறைந்தவள். மலாயாத் தோட்டப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூல், அவர்கள் தம் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுத்தவர்கள், ஆணை விட்டுப் போகவும் புகார் செய்யவும் துணிந்தவர்கள் என்று காட்டியது. அந்தத் துணிவுக்குச் சிலர் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். கொலை வழக்கின் காகிதங்களில் கொன்றவனின் கோபத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. அவளுடைய முடிவுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

சட்டத்தில் கிடக்கும் ஒரு சொல்

இங்கிலாந்தில் மரண விசாரணை ஊரார் அடங்கிய ஜூரியோடு நடந்தது. காரணம் தெரியாத சாவுக்குக் கடவுளின் வருகை என்று தீர்ப்பெழுதும் வழக்கமும் அங்கே இருந்தது. அந்த முறை அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கும் போனது. தென் கரோலினாவில் 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மரண விசாரணைத் தாள்களை இப்போது வரலாற்றாசிரியர்கள் மாவட்டம் மாவட்டமாகப் படிக்கிறார்கள். அடிமைகளின் சாவும் அவற்றில் இருக்கிறது. ஆனால் ஜூரியில் உட்கார்ந்தவர்கள் அந்தப் பகுதியின் வெள்ளை ஆண்கள். சவுக்கு வைத்திருந்தவரின் அக்கம்பக்கத்தார்.

இந்தியாவில் அந்த முறை பெருநகரங்களைத் தாண்டவில்லை. சென்னை நகரின் மரண விசாரணை அதிகாரியான கொரோனர் பதவியும் 1889இல் நீக்கப்பட்டது. கிராமத்தில் போலீஸ்காரர், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் முன்னிலையில் பிணத்தைப் பார்த்து எழுத வேண்டும். பஞ்சாயத்தார் கையெழுத்திடும் பிரேத விசாரணை என்று நாம் அறிந்தது அதுவே. இந்தியக் குற்றவியல் நடைமுறையின் அச்சில்தான் மலாயாவின் சட்டமும் வார்க்கப்பட்டது. தற்கொலை, பிறரால் கொலை, விலங்கு, இயந்திரம், விபத்து, சந்தேக மரணம் என்று அடுக்கும் அந்தப் பட்டியல் இரு நாட்டு ஏடுகளிலும் ஏறக்குறைய ஒன்றே.

மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 328ஆம் பிரிவு மரணத்தின் காரணம் என்றால் என்ன என்று விளக்குகிறது. பிணத்தைப் பார்த்தோ அறுத்தோ தெரியும் காரணம் மட்டும் போதாது. அந்த மரணம் எப்படி நேர்ந்தது, வேறொருவரின் சட்டத்துக்குப் புறம்பான செயலாலோ செய்யத் தவறியதாலோ அது ஏற்பட்டதா, அல்லது விரைவுபடுத்தப்பட்டதா என்று அறியத் தேவையான எல்லாமும் காரணத்தில் அடங்கும். விரைவுபடுத்தப்பட்டதா என்பதே இங்கே கனமான சொல். ஓடைக்கரை லயம், தலைக்காசுக்காகப் பெரட்டில் நிறுத்தப்பட்ட நோயாளி, சந்துவின் பட்டியலிலுள்ள களைப்பு ஆகிய எல்லாவற்றையும் விசாரிக்க இந்த ஒரு சொல் போதும். மருத்துவரின் பதிலும் டிங்கரின் பதிலும் ஒரே வரியில் சேர்ந்து நிற்க இது இடம் தருகிறது.

சொல் உயிரோடிருக்கிறது என்பதற்கு அண்மை வழக்குகள் சான்று. தியோ பெங் ஹோக் என்பவர் 2009இல் ஊழல் தடுப்பு ஆணையத்தின் ஷா ஆலாம் அலுவலகக் கட்டடத்தில் இறந்து கிடந்தார். மரண விசாரணையை நடத்திய நீதிமன்றம் 2011இல் தற்கொலையும் இல்லை, கொலையும் இல்லை என்று திறந்த தீர்ப்பு தந்தது. அரச விசாரணை ஆணையம் அவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார் என்றது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திறந்த தீர்ப்பை மாற்றி, அடையாளம் தெரியாத நபர்களின் சட்டவிரோதச் செயலால் மரணம் ஏற்பட்டது அல்லது விரைவுபடுத்தப்பட்டது என்று சொன்னது. அதே 2009இல் சுபாங் ஜெயா வட்டாரக் காவல் நிலையத்தில் இறந்த இளைஞர் குகனுக்கு இரண்டு முறை சவப் பரிசோதனை நடந்தது. முதலாவது நுரையீரலில் நீர் என்றது. குடும்பத்தார் போராடிப் பெற்ற இரண்டாவது, அடியால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் காட்டியது. ஒரே உடல், இரண்டு காரணங்கள். குடும்பம் அன்று வாய் மூடியிருந்தால் முதல் காகிதமே வரலாறாகியிருக்கும்.

2005இல் காவல் துறை பற்றிய அரச ஆணையம் 125 பரிந்துரைகளைத் தந்தது. 2014இல் மரண விசாரணைக்கென்று தனி நீதிமன்றங்கள் வந்தன. காவல் துறை நடத்தை ஆணையத்துக்கான சட்டம் 2022இல் நிறைவேறி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2005ஆம் ஆண்டு அரச ஆணையம் கேட்ட அளவு அதிகாரம் அதற்கு இல்லை என்பதே சட்டத்துறையினரின் பரவலான குறை.

இன்னும் தீராதவை

பழைய தோட்டங்களில் வன்முறையால் இறந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணை எவராலும் இனித் துல்லியமாகத் தர முடியாது. எண்ணுக்கான ஏட்டை எழுதியவர்கள் அந்தப் பத்தியையே வைக்கவில்லை. அடிமை முறையா, சீர்திருந்தி வந்த தொழில்முறையா என்ற வழக்கில், வடக்கின் கரும்புத் தோட்டங்களுக்கு டிங்கரின் சொல் நெருங்கிப் பொருந்துகிறது என்றும், 1920களுக்குப் பிந்திய ரப்பர் தோட்டங்களுக்கு அதை அப்படியே ஏற்றுவது அவசரம் என்றும் கொள்வதே இப்போதைக்குச் சரி. நோயா, வன்முறையா என்ற பிரிவினையைப் பொறுத்தவரை, கேள்வியே தவறாகப் போடப்பட்டிருந்தது என்று நான் கருதுகிறேன். சட்டம் சொல்லும் விரைவுபடுத்தல் என்ற அளவுகோலை வைத்து மருத்துவமனைப் பதிவுகளையும் தோட்டக் கணக்குகளையும் சேர்த்துப் படிக்கும் வேலைதான் மிச்சம் இருக்கிறது. ஜொகூரைப் பொறுத்தவரை அது தொடக்க நிலையில்கூட இல்லை எனலாம். பெக்கான் நானாஸ், பொந்தியான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் நினைவில் உள்ள சாவுகளைக் கேட்டு எழுதிவைப்பது மாணவர்களும் ஆசிரியர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி.

நிகழ்காலத்தின் கேள்வி இவ்வளவு சிக்கலானது இல்லை. 334ஆம் பிரிவின்படி, போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மஜிஸ்திரேட் விசாரித்தே ஆக வேண்டும். சிறையிலோ மனநல மருத்துவமனையிலோ இறந்தால், தேவை என்று அவர் கருதினால் விசாரிக்கலாம். குடிநுழைவுத் தடுப்பு முகாமின் பெயர் அந்தப் பிரிவில் இல்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆணையிட்டால் விசாரணை நடக்கும், ஆணையிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்று துரையின் சந்தேகத்தில் தொங்கிய விசாரணை இன்று அதிகாரியின் விருப்பத்தில் தொங்குகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டின் குடிநுழைவு முகாம்களில் 150 பேர் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள் என்று உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். பெக்கான் நானாஸ் உட்பட எல்லா முகாம்களின் மரணங்களுக்கும் கட்டாய விசாரணை வேண்டும். 334ஆம் பிரிவில் போலீஸ் காவல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் குடிநுழைவுத் தடுப்பு முகாம் என்று சேர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒரு வரித் திருத்தம் போதும்.